மீட்டர் ரீடிங் யார் கையில்? – மின் அளவி வலைப்பின்னலில் சேர்ந்த வரலாறு

சென்ற பொதுக்குழுவில் நம் பொது மீட்டரைப் பற்றி எழுந்த பேச்சு பலருக்கும் நினைவிருக்கும். லிஃப்ட், போர் மோட்டார், சம்ப் மோட்டார், மாடிப்படி விளக்கு, கேட் விளக்கு என்று எல்லாமே அந்த ஒரே மீட்டரில்தான் ஓடுகின்றன. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக ஒரு தொகை வருகிறது. அதில் மோட்டாருக்கு எவ்வளவு, லிஃப்டுக்கு எவ்வளவு என்று நம்மில் யாருக்கும் தெரியாது. பேனல் போர்டில் ஒரு மின் கண்காணிப்புக் கருவியைப் பொருத்தி, அதை நெட்வொர்க்கில் இணைத்துவிட்டால் எல்லோரும் செல்போனிலேயே கணக்குப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. "இருக்கிற மீட்டர் போதாதா, எதற்கு இன்னொன்று?" என்று சிலர் கேட்டார்கள். "அது நம் வீட்டுக்குள் நடப்பதையும் பார்க்குமா?" என்று வேறு சிலர் கேட்டார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்.

நான் வணிகவியல் படித்தவன். மின்சாரம் என் பாடம் இல்லை. ஆனால் வங்கியில் பேரேட்டோடு காலம் கழித்தவன் என்பதால் கணக்கு என்றால் கொஞ்சம் புரியும். மின் மீட்டரும் ஒரு கணக்குப் புத்தகம்தான். அந்தப் புத்தகம் எப்படிப் பிறந்தது, யார் கையில் இருந்தது, எப்போது கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் பேசத் தொடங்கியது என்று தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க உதவினால் மகிழ்ச்சி.

எடைபோட்டுப் போட்ட பில்

1882 செப்டம்பரில் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் தன் மின் நிலையத்தைத் தொடங்கினார். மின்சாரத்தை விற்றாகிவிட்டது, அளப்பது எப்படி? எண்ணெயைப் படியில் அளக்கலாம், அரிசியைத் தராசில் நிறுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சரக்கை என்ன செய்வது?

எடிசன் கண்டுபிடித்த வழி வேதியியல் சார்ந்தது. ஒரு கண்ணாடிக் குடுவையில் துத்தநாக உப்புக் கரைசல். அதில் இரண்டு துத்தநாகத் தகடுகள். வீட்டுக்குப் போகும் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு அந்தக் குடுவை வழியாகப் போகும். போகப் போக ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து இன்னொரு தகட்டில் படியும். மாதம் ஒரு முறை கம்பெனி ஆள் வந்து தகடுகளைக் கழற்றிக்கொண்டு போய், துல்லியமான தராசில் எடைபோட்டு, எடை வித்தியாசத்தை வைத்து பில் போடுவார்.

கணக்கு ஓரளவு சரியாகவே வந்தது. ஆனால் வாடிக்கையாளருக்கு அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. பாஸ்புக் கொடுக்காத வங்கி மாதிரி. "உங்கள் கணக்கில் இவ்வளவு பற்று" என்று கம்பெனி சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும்.

இந்தக் குறை சில ஆண்டுகளிலேயே தீர்ந்தது. 1889இல் புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலையில் பணியாற்றிய ஓட்டோ பிளாத்தி, மாறுமின்னோட்டத்துக்கான சுழல் தகட்டு மீட்டரை உருவாக்கினார். அதே காலத்தில் அமெரிக்காவில் எலிஹு தாம்சனும் தன் மீட்டரைக் கொண்டுவந்தார். நம் பழைய வீடுகளில் கண்ணாடிக்குப் பின்னால் அலுமினியத் தகடு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்ததே, அது பிளாத்தி வகை மீட்டரின் வாரிசு. தகடு சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். முகப்பில் எண்கள் இருக்கும். ஃபேனைப் போட்டால் வேகமாகச் சுற்றும், நிறுத்தினால் வேகம் குறையும். கணக்குப் புத்தகம் முதன்முறையாக இரண்டு தரப்புக்கும் நடுவில், வாடிக்கையாளர் வீட்டுச் சுவரிலேயே வந்து உட்கார்ந்தது.

நம் பக்கத்துக் கதை

தென்னிந்தியாவில் பெரிய அளவு மின் விற்பனை 1902இல் தொடங்கியது. மைசூர் அரசு காவிரியில் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்து, கோலார் தங்க வயலுக்குக் கொடுத்தது. அன்றைய உலகின் மிக நீண்ட மின் தொடர்களில் அதுவும் ஒன்று. வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சுரங்கக் கம்பெனிகள். ஆண்டுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். பெரிய கணக்கு, சில பேர் மட்டும், அதனால் சச்சரவும் குறைவு.

சென்னை மாகாணத்தில் 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. நம் தொப்பூரிலிருந்து மேச்சேரி வழியாகப் போனால் வரும் மேட்டூரில் 1934இல் அணை திறக்கப்பட்டது. 1937இல் அணையடி மின் நிலையம் வேலைக்கு வந்தது. அதன்பின் மின்சாரம் சுரங்கம், ஆலை என்ற வட்டத்தைத் தாண்டி ஊர்களுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் மெல்லப் பரவியது. சில பெரிய கணக்குகள் இருந்த இடத்தில் லட்சக்கணக்கான சின்னக் கணக்குகள் வந்தன. ஒவ்வொரு சுவரிலும் ஒரு மீட்டர் தேவைப்பட்டது.

மீட்டர் என்றால் தகராறும் உண்டு என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1910ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்திலேயே, மீட்டர் சரியா தவறா என்ற வழக்கு வந்தால் மின் ஆய்வாளர் தீர்மானிக்க வேண்டும் என்று விதி இருந்தது. விற்பவரே நீதிபதியாக இருக்கக் கூடாது என்ற எளிய நியாயம்தான்.

1957 ஜூலை 1ஆம் தேதி மாநில மின்சார வாரியம் அமைந்தது. நாம் இன்றும் 'ஈ.பி.' என்று சொல்லும் நிறுவனம் அதுதான். இடையில் பெயரும் அமைப்பும் சிலமுறை மாறிவிட்டன. கணக்கெடுப்பவர் வருவார், மீட்டரைப் பார்ப்பார், வீட்டில் வைத்திருக்கும் வெள்ளை அட்டையில் ரீடிங்கையும் தொகையையும் எழுதிவிட்டுப் போவார். அந்த அட்டையை நான் சாதாரணமாக நினைக்க மாட்டேன். எழுதுபவர் ஈ.பி. ஊழியர், வைத்திருப்பவர் வீட்டுக்காரர். ஒரே எண் இரண்டு இடத்தில் இருக்கும். வங்கியில் லெட்ஜரும் பாஸ்புக்கும் போல. ஒன்று தவறினால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும்.

மீட்டரே இல்லாத கணக்கு

அளவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1970களில் பம்புசெட் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் நடத்திய போராட்டங்கள் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பைசா, இரண்டு பைசா உயர்வுக்காகத் துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நடந்த காலம் அது. பின்னர் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் ஆனது.

கிணற்றையும் போரையும் நம்பி இருக்கும் நம் தருமபுரி மாவட்டம் மாதிரியான மேட்டு நிலத்தில் அந்த இலவசம் எத்தனை குடும்பங்களைத் தாங்கிப் பிடித்தது என்பது சுற்றியுள்ள ஊர்களைப் பார்த்தாலே தெரியும். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இலவசம் வேறு, அளவு வேறு. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லாததால், அவை எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன என்பதை மாதிரி மீட்டர்களையும் மோட்டாரின் குதிரைத்திறனையும் வைத்து மதிப்பிடத்தான் முடிகிறது. கம்பியில் வீணாவது எவ்வளவு, திருடப்படுவது எவ்வளவு, வயலுக்குப் போவது எவ்வளவு என்ற மூன்றும் அந்த மதிப்பீட்டுக்குள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

வங்கியில் டாலி ஆகாத தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்ற தலைப்பில் போட்டு வைப்போம். அது தற்காலிக ஏற்பாடு. ஆண்டுக் கணக்காக அங்கேயே கிடந்தால் தணிக்கையாளர் விட மாட்டார். மீட்டர் இல்லாத மின்சாரம் அப்படிப்பட்ட சஸ்பென்ஸ் தொகை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, சரியான மீட்டர் இல்லாமல் மின்சாரம் வழங்கக் கூடாது என்கிறது. சட்டத்துக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளி இன்னும் முழுதாக அடைபடவில்லை.

மீட்டர் பேசக் கற்றுக்கொண்டது

ஒவ்வொரு மீட்டராகப் போய்ப் பார்க்காமல், மீட்டரே தன் எண்ணைச் சொல்லிவிட்டால் என்ன என்ற ஆசை மிகப் பழையது. மின்சாரம் வரும் கம்பியிலேயே செய்தியும் அனுப்பலாம் என்று 1890களின் இறுதியிலேயே ஐரோப்பாவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் இருந்தார்கள். ஆசை இருந்தது, மலிவான மின்னணுச் சாதனம் இல்லை. 1970களில் கிரேக்க வம்சாவளியினரான தியோடோர் பராஸ்கேவாகோஸ், தொலைபேசிக் கம்பி வழியாக மீட்டரைத் தானாகப் படிக்கும் முறையை அமெரிக்காவில் உருவாக்கினார்.

வீட்டு மீட்டருக்கு இந்த வசதி வருவதற்கு முன்பே தொழிற்சாலைகளுக்கு வந்துவிட்டது. 1979இல் மோடிகான் என்ற கம்பெனி, ஆலை இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு 'மோட்பஸ்' என்ற முறையை வெளியிட்டது. 1983இல் 'ஆர்.எஸ்.-485' என்ற கம்பி இணைப்புத் தரம் வந்தது. முறுக்கிய இரண்டு மெல்லிய கம்பிகள் போதும். சுமார் 1,200 மீட்டர் தூரம் வரை, 32 கருவிகளை ஒரே கம்பியில் கோக்கலாம். நாற்பது வருஷப் பழசு என்றாலும் நம் பேனல் போர்டுக்கு எலக்ட்ரீஷியன் கொண்டுவரும் கருவியின் பின்புறத்தில் இன்றும் 'ஏ', 'பி' என்ற இரண்டு முனைகள் இருக்கும். அவை இந்த ஆர்.எஸ்.-485 முனைகள்தான்.

பொதுமக்கள் வீடுகளில் மிகப் பெரிய அளவில் செய்து காட்டியது இத்தாலி. எனெல் என்ற மின் நிறுவனம் 2001இல் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் சுமார் 3 கோடி மீட்டர்களை மாற்றி, மின்கம்பி வழியாகவே ரீடிங் எடுக்கத் தொடங்கியது.

நம் நாட்டில் இதே காலத்தில் முக்கியமான மாற்றம் ஒன்று, வீடுகளில் நடக்காமல் மாநில எல்லைகளில் நடந்தது. ஒரு மாநிலம் தன் பங்குக்கு மேல் மின்சாரம் இழுத்தால் அதற்கு விலை வைக்க வேண்டும் என்று புதிய கட்டண முறை வந்தது. தென் மண்டலத்தில் 2003 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, மொத்தம் 96 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று சிறப்பு மீட்டர்கள் குறித்து வைத்தன. வேடிக்கை என்னவென்றால், அந்த மீட்டர்களும் ஆரம்பத்தில் தாமாகப் பேசவில்லை. வாரத்துக்கு ஒரு முறை ஊழியர் கையடக்கக் கருவியைக் கொண்டுபோய்க் கணக்கை இறக்கிக்கொண்டு வருவார்.

வங்கியிலும் அப்படித்தான் இருந்தது. 1984இல் ரங்கராஜன் குழு கணினிமயத்துக்கு வழி சொன்னது. முதலில் கிளைக்குக் கணினி வந்தது. ஆனால் ஒரு கிளைக் கணினிக்கும் அடுத்த கிளைக் கணினிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கிளைகளுக்கு இடையிலான கணக்கை டாலி செய்வதற்கென்றே தனிப் பிரிவு இருந்தது, நிலுவையும் மலைபோல் இருந்தது. 2000களில் கோர் பேங்கிங் வந்து எல்லாக் கிளைகளும் ஒரே வலையில் சேர்ந்தபின்தான் அந்தச் சுமை இறங்கியது. கணினி வந்ததைவிட இணைப்பு வந்ததுதான் பெரிய மாற்றம் என்று அந்தக் காலத்தில் வேலை பார்த்த எவரும் சொல்வார்கள்.

இணைந்த கண்காணிப்பு எவ்வளவு அவசியம் என்பதை 2012 ஜூலை 30, 31 தேதிகள் நாட்டுக்கே காட்டின. வட இந்திய மின் தொகுப்பு அடுத்தடுத்து இரண்டு நாள் சரிந்தது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் சேர்ந்தே இருண்டன. நாட்டு மக்கள் தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேர் வாழும் பகுதி. தென் மண்டலம் அப்போது மற்ற மண்டலங்களோடு ஒரே அதிர்வெண்ணில் இணையாமல் தனியே இருந்ததால் தப்பியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் தொடர் வழியாக நாமும் தேசியத் தொகுப்பில் இணைந்தோம். அதற்குப் பிறகு எங்கோ ஒரு மூலையில் ஏற்படும் கோளாறு நம் வீட்டு விளக்கையும் தொடலாம் என்பதால், நொடிக்குப் பல முறை அளந்து அனுப்பும் கருவிகள் துணைமின் நிலையங்களில் பெருகின.

பேசாத மீட்டர் ஊரடங்கில் செய்தது

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. கணக்கெடுப்பவர் வீடு வீடாகப் போக முடியவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டுங்கள் என்றார்கள். பிறகு நான்கு மாத ரீடிங்கை ஒன்றாக எடுத்து, இரண்டு இரண்டு மாதமாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். கோடைக்காலம், எல்லோரும் வீட்டிலேயே இருந்த காலம். பில்லைப் பார்த்துப் பலர் அதிர்ந்தார்கள். எந்த மாதத்தில் எத்தனை யூனிட் ஓடியது, முன்பு கட்டிய பணத்தை யூனிட்டாகக் கழித்தார்களா ரூபாயாகக் கழித்தார்களா என்று கேள்விகள் எழுந்தன. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கணக்கிட்ட முறையில் தவறில்லை என்று நீதிமன்றம் சொன்னது.

தீர்ப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சமயத்தில் மாதா மாதம் தானே மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தவர்களால் மட்டுமே தங்கள் பில்லைச் சரிபார்க்க முடிந்தது. மற்றவர்களிடம் கோபம் இருந்தது, எண் இல்லை. நம் ஊரில் யூனிட் கூடக் கூட விலை விகிதம் மாறும் என்பதால், எந்தத் தேதியில் ரீடிங் எடுத்தார்கள் என்பதே பணக் கணக்கு.

அதன்பின் ஸ்மார்ட் மீட்டர் பேச்சு வேகம் பிடித்தது. 2021இல் மத்திய அரசு நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் என்ற இலக்கோடு திட்டம் அறிவித்தது. சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் சோதனை முறையில் பொருத்தப்பட்டன. மாநிலம் முழுதும் பொருத்துவதற்கான டெண்டர்கள், விலை அதிகம் என்ற காரணத்தால் 2024 இறுதியில் ரத்தாயின. ஆக, நம் பொது மீட்டர் தானாகப் பேச இன்னும் காலம் ஆகலாம்.

நம் பேனல் போர்டில் என்ன நடக்கும்?

பொதுக்குழுவில் பேசப்பட்ட கருவி ஈ.பி. மீட்டர் இல்லை. ஈ.பி. மீட்டரின் சீலை நாம் தொடவே கூடாது. தொட்டால் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இது மீட்டருக்குப் பிறகு, நம் பக்கத்தில் பொருத்துவது.

மூன்று ஃபேஸ் கம்பிகளையும் சுற்றி ஒவ்வொரு வளையம் மாட்டுவார்கள். அதற்கு 'சி.டி.' என்று பெயர். கம்பியில் ஓடும் பெரிய மின்னோட்டத்தை அது சிறிதாக்கிக் கருவிக்குக் காட்டும். கருவி வோல்டேஜையும் சேர்த்துப் பார்த்து யூனிட் கணக்குப் போடும். அதிலிருந்து இரண்டு கம்பி ஒரு சிறு பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டி நம் பொது வைஃபையில் சேரும். அங்கிருந்து எண் நம் போனுக்கு வரும். தொப்பூர்க் கணவாயை நோக்கி வரும் லாரி பாளையம் சுங்கச்சாவடியில் நிற்காமல் போக, ஃபாஸ்டேக் படித்து உரிமையாளர் போனுக்கு மெசேஜ் போகிறதே, அது போலத்தான்.

நெட்வொர்க்கில் வந்துவிட்டது என்பதாலேயே எண் சரி என்று அர்த்தம் இல்லை. சி.டி. வளையம் ஒன்று தலைகீழாக மாட்டப்பட்டால் அந்த ஃபேஸ் கழித்தலில் ஓடும். 200/5 என்ற சி.டி.யை மாட்டிவிட்டு கருவியில் 100/5 என்று பதிந்தால், திரையில் பாதி யூனிட்தான் தெரியும். 'ஏ', 'பி' கம்பிகள் இடம் மாறினால் பெட்டிக்கு ஒன்றுமே கேட்காது. இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரி எண் கொடுத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசிக் குழப்பும். கருவியின் கடிகாரம் தவறினால், நள்ளிரவில் ஓடிய மோட்டார் நண்பகலில் ஓடியதாகக் காட்டும். முக்கியமாக, மின்சாரம் ஓடும்போது சி.டி.யின் கம்பியைக் கருவியிலிருந்து கழற்றுவது உயிருக்கே ஆபத்து. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

இனிப் பலன். 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்தில், அதுவரை வீட்டுக் கட்டணத்தில் இருந்த அடுக்குமாடிப் பொதுப் பயன்பாட்டுக்குத் தனி விகிதம் வந்தது: யூனிட்டுக்கு 8 ரூபாய். அடுத்த ஆண்டில், லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் மிகாத சிறு குடியிருப்புகளுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். லிஃப்ட் இருப்பதால் நமக்கு அந்தச் சலுகை இல்லை. பிறகு விலை கூடியிருக்கிறது, என்றாலும் 8 ரூபாய் என்றே வைத்துக் கணக்குப் போடுவோம். 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் நாலரை யூனிட். மேல் தொட்டியின் ஃப்ளோட் வால்வு கெட்டு, தினமும் ஒரு மணி நேரம் அது வீணாக ஓடுகிறது என்று வையுங்கள். நாளுக்கு 36 ரூபாய், இரண்டு மாதத்துக்கு 2,160 ரூபாய். மொத்த பில்லில் அது யார் கண்ணிலும் படாது. மணிக்கு மணி வரைபடத்தில் மறுநாளே தெரிந்துவிடும்.

யார் பார்க்கலாம்?

அடுத்தது, நம் வீட்டைப் பார்க்குமா என்ற கேள்வி. பொது மீட்டரில் மாட்டும் கருவிக்கு வீடுகளின் கணக்கு தெரியாது. ஆனால் கேள்வியின் உள்ளர்த்தம் பெரியது. ஒரு வீட்டின் 15 நிமிடக் கணக்கைப் பார்த்தால் எப்போது எழுகிறார்கள், எப்போது வீட்டில் இல்லை, ஊருக்குப் போனார்களா என்றெல்லாம் ஊகிக்கலாம். நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை, தனியுரிமைக் காரணத்தால் 2009இல் அந்நாட்டு மேலவை ஏற்கவில்லை. விரும்புபவர் பொருத்தலாம் என்று பின்னர் மாற்றினார்கள். நாளை நம் வீடுகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் வரும்போது இந்த அக்கறை நமக்கும் இருக்க வேண்டும்.

எடிசனின் தகடு கம்பெனியிடம் இருந்தது. பிளாத்தியின் தகடு நம் சுவருக்கு வந்தது. நெட்வொர்க்கில் சேரும் மீட்டரின் எண் மறுபடி தொலைவில் உள்ள ஏதோ ஒரு கணினிக்குப் போகிறது. வேகமாகவும் துல்லியமாகவும் போகிறது, ஆனால் போகிறது. வெள்ளை அட்டை இல்லாத காலத்தில் நம் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும். சட்டமும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2024இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ரீடிங் பயன்பாட்டோடு ஒத்துப்போகவில்லை என்று நுகர்வோர் புகார் செய்தால், மின் நிறுவனம் ஐந்து நாளுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புகார் செய்வதற்கு நம்மிடம் சொந்த எண் இருந்தால்தான் அந்த உரிமைக்கு வலு.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு என் தரப்பில் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, கருவி பொதுப் பயன்பாட்டுக்கு மட்டும். தனி வீடுகளின் இணைப்பில் யாரும் கேட்காமல் மாட்டக் கூடாது.

இரண்டு, கணக்கு ஒரு நிர்வாகியின் போனில் மட்டும் இல்லாமல், எல்லா உறுப்பினர்களும் பார்க்கும்படி இருக்க வேண்டும். பாஸ்வேர்டு செயலாளர், பொருளாளர் இருவரிடமும் இருக்கட்டும். நிர்வாகம் மாறும்போது வங்கிச் சாவி மாதிரி எழுதி வாங்கி ஒப்படைக்க வேண்டும்.

மூன்று, விற்பவரின் சர்வரில் மட்டும் கணக்கு இருக்கும் கருவி வேண்டாம். மாதா மாதம் நாமே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி உள்ளதாகப் பார்க்க வேண்டும். விற்பவர் கடையை மூடினாலும் நம் பேரேடு நம்மிடம் இருக்கும்.

நான்கு, பொருத்தியதும் நம்பிவிட வேண்டாம். முதல் மூன்று மாதம் ஒவ்வொரு ஞாயிறு காலை 8 மணிக்கு ஈ.பி. மீட்டரின் எண்ணையும் கருவியின் எண்ணையும் வாட்ச்மேன் அறை நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவோம். இரண்டும் சில சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் கருவி சரி. ஒத்துப்போகாவிட்டால் மேலே சொன்ன சி.டி., முகவரி, கடிகாரம் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்வோம். எழுதும் வேலைக்கு என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். துணைக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் சொல்லலாம்.